யாரும் வியக்காத வீடு: கிராமத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய மென்மையான படத்தை எடுப்பது எப்படி

என் முதல் படத்தில் ஒரு தாத்தா வருகிறார். வாசல் விட்டத்தில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டுக்குள் வருவது, வீட்டைவிட்டுப் போவது எல்லாவற்றையும் அதில் மாட்டி எடை பார்த்து நோட்டில் எழுதுவார். பேத்தியின் பள்ளிக்கூடப் பை, நனைந்த குடை, தபாலில் வந்த பொட்டலம், அறுந்துபோன கயிறு என்று எதுவும் தப்பாது. எதற்காக என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அந்தப் படம் 104 நிமிடம். ஏழு பேர் கொண்ட குடும்பம், ஒரே வீடு, 21 நாள் படப்பிடிப்பு. அதற்கு முன் பதினோரு வருடம் மற்றவர்களின் படங்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். "அந்த வீடே ஒரு மாதிரி" என்று ஊர் சொல்லும் குடும்பங்களைப் பற்றிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேமரா எது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம். அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வரும்.

வியக்கிற ஆளை முதலில் நீக்குங்கள்

என் திரைக்கதையின் முதல் மூன்று வடிவங்களில் ஒரு விருந்தாளி இருந்தார். நகரத்திலிருந்து வருகிற உறவினர். தராசைப் பார்த்துத் திகைப்பார், "ஏன் இப்படி?" என்று கேட்பார், யாராவது பதில் சொல்வார்கள். பார்வையாளருக்கு ஒரு துணை வேண்டும் என்று நினைத்து அவரை எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டும்போது எல்லோரும் சரியான இடங்களில் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு தாத்தாவைப் பார்த்து வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் விருந்தாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான்காவது வடிவத்தில் அவரை எடுத்தேன். அதன் பிறகு அதே காட்சி இப்படி ஆயிற்று: அம்மா அவசரமாக வெளியே கிளம்புகிறாள். வாசலில் நிற்கிறாள். யாரும் சொல்லாமலே கைப்பையைக் கொக்கியில் மாட்டுகிறாள். முள் ஆடி நிற்கும்வரை காத்திருக்கிறாள். தாத்தா எழுதி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போகிறாள். எத்தனை வருடமாக இது நடந்துவருகிறது என்பது அவள் நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அந்த வீட்டில் தாத்தாவுக்கு இடம் இருக்கிறது.

மென்மை என்று நாம் தேடுவது இதுதான் என்று நம்புகிறேன். விசித்திரமான ஒருவர் இருப்பதால் அது வருவதில்லை. அவருக்காக மற்றவர்கள் எப்போதோ நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள், அதை மறந்தும் போயிருக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. ஆகவே உங்கள் கதையில் ஒவ்வொரு பழக்கத்தையும் எழுதியதும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதற்காக மற்றவர்கள் எதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்? பதில் இல்லையென்றால் அந்தப் பழக்கம் வெளியிலிருந்து ஒட்டவைத்தது. எடுத்துவிடலாம்.

எங்கள் படத்தில் தாத்தாவின் மகன் உயரமானவர். தராசு தலையில் இடிக்காமலிருக்க வாசலில் குனிவார். குனிந்து குனிந்து பழகி, தராசு இல்லாத வாசல்களிலும் குனிவார். அத்தை ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு பேசுகிறவள். செய்தி முடியும்வரை வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை, பேத்தி கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒளிந்துகொண்டு, தன்னைத் தேட எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுகிறவன். அவன் அம்மாவுக்கு எல்லா மறைவிடங்களும் தெரியும். தேட மாட்டாள். வேலையாகக் கடந்துபோகும்போது அவன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போவாள்.

பெரியப்பா ஒருவர் வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது பின்னோக்கி நடப்பார், வயல் கண்ணிலிருந்து மறையும்வரை அதைப் பார்த்துக்கொண்டே. கூட வருகிற குழந்தை "கல்", "மேடு", "தண்ணி" என்று சொல்லிக்கொண்டே வரும். சொல்கிறோம் என்ற நினைப்பே அந்தக் குழந்தைக்கு இருக்காது.

ஏழு பேரில் நான்கு பேருக்குத்தான் பழக்கம் கொடுத்தேன். தலைக்கு ஒன்று என்று பங்கு போட்டால் வீடு பொம்மைக் கடை ஆகிவிடும். மற்ற மூவரின் குணம் அவர்கள் இடம் விடுகிற விதத்தில் இருக்கிறது.

பின்னோக்கி நடப்பது என் சொந்தப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. தெரிந்தவர்களிடமிருந்து எடுக்கிறீர்கள் என்றால் எழுதுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். எடுத்து முடித்துவிட்டுச் சொன்னால் அது கேட்டதாகாது. நான் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நடிகரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். வரப்பில் நிறுத்தி, "குதிகாலை முதல்ல வைக்காத, விரலால தடவிப் பாத்துட்டு அப்புறம் வை" என்று கற்றுக்கொடுத்தார். நான் எழுதிய எந்த வரியைவிடவும் அந்தப் பாடம் படத்துக்கு உதவியது.

கதை என்பது கால அட்டவணை

இப்படிப்பட்ட படத்துக்குத் திருப்பங்களைத் தேடிப் போகாதீர்கள். ஒரு பெரிய தாளை எடுத்து, மேலே ஏழு பேரின் பெயர், பக்கவாட்டில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் யார் எங்கே, கையில் என்ன என்று நிரப்புங்கள். எனக்கு இதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. நிரப்பி முடித்ததும் இரண்டு கோடுகள் எங்கே குறுக்கிடுகின்றன என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயடி, மாடிப்படி, வாசல். காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதைவிட, ஒருவர் படியேற மற்றவர் இறங்க ஒதுங்கி நிற்கிற அந்த ஐந்து நொடி குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

பழக்கத்தைக் காட்டுவதில் எனக்குப் பயன்பட்ட வழி ஒன்று உண்டு. முதல் தடவை அதை மட்டும் காட்டுங்கள். இரண்டாம் தடவை வேறு எதையோ பற்றிய காட்சியில் அது பின்னால் நடக்கட்டும். மூன்றாம் தடவை அது இல்லாமல் போகட்டும். எங்கள் படத்தின் பிற்பகுதியில் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். பேத்தி பள்ளிக்குக் கிளம்புகிறாள், பையைக் கொக்கியில் மாட்டுகிறாள், முள் நிற்கிறது, எழுத ஆள் இல்லை. அவள் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போகிறாள். முதல் இரண்டு தடவையும் நாம் அவசரப்படாமல் இருந்திருந்தால்தான் இந்த மூன்றாவது நிற்கும். இரண்டாவதை எடிட்டிங்கில் வெட்டிப் பார்த்தேன், மூன்றாவது செத்துப்போனது. திரும்ப வைத்தேன்.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வசனம் நிறைந்த படங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். இங்கே பொருந்தாது. "பையை எடை பார்க்கிறார்" என்பது ஒரு வரி. திரையில் அது ஒன்றேகால் நிமிடம் ஓடியது. என் திரைக்கதை 61 பக்கம்தான். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செயலையும் நீங்களே அறையில் செய்து பார்த்து, ஓரத்தில் நொடியை எழுதிவையுங்கள். எத்தனை நாள் படப்பிடிப்பு என்ற திட்டம் அந்த எண்களிலிருந்து வரட்டும்.

கனவும் கற்பனையும் வேண்டுமென்றாலும் தாராளமாக வைக்கலாம். 2004இல் வந்த 'த டேஸ்ட் ஆஃப் டீ' என்ற ஜப்பானியப் படத்தை கட்சுஹிதோ இஷி இயக்கினார். அதில் ஒரு சிறுமிக்குத் தன்னுடைய பிரமாண்டமான உருவமே கண்ணில் படுகிறது. அது ஏன் வருகிறது என்று படம் விளக்குவதில்லை. அதை எப்படிப் போகவைப்பது என்றுதான் அந்தச் சிறுமி யோசிக்கிறாள். குழந்தைக்கு அது ஒரு அன்றாடப் பிரச்சினை. கற்பனையை அந்த அளவில் வைத்துக்கொண்டால் வீட்டின் அமைதி கெடாது.

முகம் ஒத்துப்போக வேண்டியதில்லை

குடும்பம் என்று நம்பவைக்க ஒரே சாயலில் ஆட்களைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள். குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது கைகளும் உட்காருகிற விதமும். படப்பிடிப்புக்கு முன் ஐந்து நாள் ஏழு பேரையும் அந்த வீட்டிலேயே தங்கவைத்தோம். வசனம் கொடுக்கவில்லை. துணி மடிப்பது, பெருக்குவது, விளக்கு அணைப்பது என்று வேலைகளைப் பிரித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் நான்கு பேர் ஒரே மாதிரி துண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தெரியவில்லை.

குழந்தைகளுக்கு முழுத் திரைக்கதையைக் கொடுக்காமல் இருப்பது ஒரு முறை. ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கோரே-எடா 2004இல் வந்த 'நோபடி நோஸ்' படத்தில் குழந்தைகளுக்கு வசனத் தாளே கொடுக்காமல், அந்தந்த இடத்தில் சொல்லிக்கொடுத்துப் படமாக்கினார். சுமார் ஒரு வருட காலத்தில் விட்டுவிட்டு எடுத்த படம் அது. அதில் நடித்த யூயா யாகிராவுக்கு அந்த வருடம் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. எங்களால் ஒரு வருடம் காத்திருக்க முடியவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கிற முறையை எடுத்துக்கொண்டோம். பின்னோக்கி நடக்கிற காட்சியில் குழந்தைக்கு நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு வேலை: "பெரியப்பா விழக் கூடாது, நீதான் பொறுப்பு." வழியில் மூன்று கல்லை நாங்களே போட்டுவைத்தோம். அவள் சொன்ன ஒவ்வொரு "கல்"லும் நிஜம்.

குழந்தைகளை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு உங்கள் நாட்டில் சட்டம் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு அதைவிடவும் குறைவாக வையுங்கள். வயதானவர்களின் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எங்கள் தாத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. பதினோரு மணிக்குள் அவர் வேலை முடிந்துவிடும். மதியத்துக்குப் பிறகு அவரை நிற்கவைத்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு எடுத்தது எதையும் நான் பயன்படுத்தவில்லை. களைப்பு முகத்தில் தெரிந்தது, எனக்கு அதைப் பார்க்கவே மனம் வரவில்லை.

வீடும் பயிரும்

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். ஒரு இடத்தில் நின்றால் இரண்டு அறைகளும் ஒரு வெளிப்புறமும் சேர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஒருவர் முன்னால் ஏதோ செய்ய, இன்னொருவர் பின்னால் கவனிக்காமல் கடந்துபோக வேண்டும். இந்தப் படத்தின் உயிர் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையும் போய் வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக எதுவரை வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். பக்கத்தில் மோட்டார், மாவுமில், நெடுஞ்சாலை இருந்தால் அப்போது தெரியும். நாங்கள் முதலில் பார்த்த, மனதுக்கு மிகவும் பிடித்த வீட்டை அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைவிட்டோம்.

ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைத்தான் கன்டின்யூட்டி என்கிறோம். கிராமத்தில் எடுக்கும்போது அதற்குப் பெரிய எதிரி பயிர். இரண்டு வாரத்தில் வயலின் உயரம் மாறிவிடும். எந்தக் காட்சியை எந்த நாள் எடுப்பது என்று ஒன்லைன் ஆர்டர் போடும்போது நடிகர்களின் தேதிக்கு அடுத்தபடியாகப் பயிரின் தேதியை வையுங்கள். சத்யஜித் ராய்க்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'பதேர் பாஞ்சாலி'யின் நாணல்பூக் காட்சியில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தபோது, மாடுகள் பூக்களை மேய்ந்து தீர்த்திருந்தன. மீதியை எடுக்க மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்தார். அந்தப் படம் 1955இல் வெளிவந்தது. இன்றைக்கும் எந்தக் கருவியாலும் இதைத் தவிர்க்க முடியாது. பூ, பயிர், நீர் நிறைந்த குளம் எதுவானாலும், அது வருகிற எல்லா ஷாட்டையும் அடுத்தடுத்த நாட்களில் எடுத்து முடியுங்கள். வசனக் காட்சி காத்திருக்கும்.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலை, எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அலமாரியையும் போட்டோ எடுப்பது. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் பொருள் சேர்க்க விரும்புவார்கள். நான் தராசையும் ரேடியோவையும் தவிர எதையும் சேர்க்க விடவில்லை. ஆணியில் தொங்குகிற பழைய சாவிக்கொத்தை எந்தக் கலை இயக்குநராலும் அவ்வளவு சரியான இடத்தில் மாட்ட முடியாது.

கேமராவும் வீட்டில் ஒருவர்

முன்பே சொன்ன முடிவு இங்கேதான் சோதனைக்கு வரும். தராசைக் கொண்டுவந்து முதல் ஷாட் வைக்கும்போது, ஒளிப்பதிவாளர் இயல்பாகவே முள்ளுக்கு ஒரு குளோசப் கேட்டார். அந்தக் குளோசப் வைத்தால் கேமரா வியக்கிறது என்று அர்த்தம். நான் கதையிலிருந்து துரத்திய விருந்தாளி லென்ஸ் வழியாகத் திரும்பி வந்துவிடுவார். ஆகவே எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம்: பழக்கங்கள் எல்லாம் தள்ளி நின்று எடுக்கிற வைடில், பிரேமுக்குள் இன்னொருவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டும். படம் முழுவதிலும் முள்ளின் குளோசப் ஒன்றே ஒன்று. பேத்தி தனியாக நிற்கிற அந்த மூன்றாவது தடவை.

கேமராவின் உயரம் என்ன என்பது அடுத்த கேள்வி. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் கேமரா தரையோடு ஒட்டி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே இருக்கும். பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். அவரைப் போலச் செய்யச் சொல்லவில்லை. அந்த உயரம் அவர் காட்டிய வீடுகளின் வாழ்க்கையிலிருந்து வந்தது. உங்களுடையது உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். எங்கள் குடும்பம் பாதி நேரம் படியிலும் திண்ணையிலும் உட்கார்ந்திருந்ததால், உட்கார்ந்தவரின் கண் மட்டத்தை எடுத்துக்கொண்டோம். யாராவது எழுந்து நின்றால் தலை பிரேமுக்கு மேலே போய்விடும். போகட்டும் என்று விட்டோம். 35, 50 என்று இரண்டே லென்ஸ், பெரும்பாலும் ட்ரைபாட். கேமரா நகர்வது பின்னோக்கி நடக்கிற காட்சியில் மட்டும்.

வெளிச்சத்துக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். வெள்ளைத் துணியும் தெர்மோகோலும் போதும். ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956இல் வந்த ராயின் 'அபராஜிதோ'வுக்காக, செட்டில் போட்ட வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்துத் திரும்பவைத்து, வானத்து வெளிச்சம்போலப் பரவச் செய்தார். நிழல் இல்லாத அந்த மெல்லிய வெளிச்சத்தை இன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேட்டியைக் கட்டிக் கொண்டுவரலாம். இரவுக் காட்சிகளில் ஷட்டரைக் கவனியுங்கள். நொடிக்கு 24 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/48 நொடி திறந்திருப்பது வழக்கம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 வைத்தால் டியூப்லைட் துடிப்பது தெரியாது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60.

சத்தத்தில் அவசரப்படாதீர்கள்

எடிட்டராக இருந்ததால் இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். டப்பிங் வேண்டாம், லைவ் சவுண்டில் எடுங்கள். அன்றாட வாழ்க்கையைப் பற்றிய படத்தில் பாதி நடிப்பு மூச்சிலும் பாத்திரம் வைக்கிற சத்தத்திலும் இருக்கிறது. ஸ்டூடியோவில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீளக் கம்பில் பிடிக்கிற பூம் மைக் முதன்மை, சட்டைக்குள் லேப்பல் மைக் துணைக்கு. வெளியில் எடுக்கும்போது மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை போடாமல் ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள். வரப்பில் காற்று எப்போது வீசும் என்று சொல்ல முடியாது, மைக்கில் அடித்த காற்றை எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது.

பிரிட்ஜின் இரைச்சல் பதிவாகாமலிருக்க அதை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மறுபடி போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். வீட்டுக்காரரின் பொருட்கள் கெட்டுப்போகாது.

கிராமத்து இரவுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பூச்சிகளின் ஒலி. ஏழு மணிக்கு ஒரு சுருதி, ஒன்பது மணிக்கு வேறு. நடுவில் நான்கு டேக் போனால், அந்த ஷாட்டுகளை ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் பூச்சிச் சத்தம் குதிக்கும். பார்வையாளருக்கு என்னவென்று தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். என் எடிட்டிங் நாட்களில் இதனால் பாழான நல்ல காட்சிகள் பல. ஒவ்வொரு இரவுக் காட்சி முடிந்ததும், எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து இரண்டு நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். அதைக் காட்சி முழுக்க அடியில் விரித்தால் வெட்டுகள் மறைந்துவிடும். பகலில் ஒவ்வொரு அறைக்கும் இதேபோல ஒரு நிமிட வெறும் ஒலி, ரூம் டோன் என்பார்கள். குழுவில் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் இதைக் கேட்பது கஷ்டம்தான். முதல் நாளே காரணத்தை உட்கார்ந்து விளக்கிவிட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து லைட்மேன்களே "ரூம் டோன் எடுத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இசையை நான் மூன்றே இடத்தில் வைத்தேன். பழக்கங்கள் வருகிற எந்த இடத்திலும் இல்லை. துள்ளலான ஒரு ஜதி போட்டால் போதும், தாத்தா ஒரே நொடியில் கேலிப்பொருள் ஆகிவிடுவார்.

முள் நிற்கும்வரை

எல்லாவற்றையும் தோராயமாக ஒட்டிய முதல் ரஃப் கட் 163 நிமிடம் வந்தது. எங்கே வெட்டுவது என்று ஒரு மாதம் தடுமாறினேன். வசனம் முடிந்ததும் வெட்டினால் வீடு ஓடுவதுபோல இருந்தது. நீட்டினால் வீடு போஸ் கொடுப்பதுபோல இருந்தது.

வழி தராசிலிருந்தே கிடைத்தது. பை மாட்டியதும் முள் ஆடும், மெல்ல மெல்லக் குறையும், நிற்கும். கிட்டத்தட்ட நான்கு நொடி. முள் நிற்பதற்கு முன் வெட்டினால் எரிச்சல் வருகிறது. நின்ற பிறகும் வைத்திருந்தால் கண் வேறு இடம் தேடுகிறது. மற்ற ஷாட்டுகளிலும் அப்படி ஒரு முள்ளைத் தேட ஆரம்பித்தேன். கதவு ஆடி நிற்பது, கேட்ட சொல் ஒருவரின் முகத்தில் இறங்கி முடிவது, நாய் திரும்பப் படுப்பது. எது நிற்கிறதோ அதுவரை, அதற்கு மேல் ஒரு பிரேம்கூட வேண்டாம். இந்த ஒரே கணக்கில் 41 நிமிடம் குறைந்தது. மீதி 18 நிமிடம் அத்தையின் ஒரு கிளைக்கதையை முழுசாக எடுத்ததால் குறைந்தது. நல்ல நடிப்பு இருந்த பகுதி. அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். படம் வெளியான பிறகு அவரே திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

அடுத்த அறையின் சத்தத்தை ஒரு நொடி முன்கூட்டியே இந்த அறையில் கேட்கவிடுங்கள். இங்கே பேத்தி படித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ரேடியோ தொடங்கிவிடும், பிறகு படம் அங்கே போகும். சுவர்களுக்கு நடுவே வீடு ஒன்றாக இருக்கிறது என்பது இப்படித்தான் உணரப்படும்.

போட்டுக் காட்டும்போது "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். பத்துப் பேரை உட்காரவைத்து அவர்களுக்குப் பின்னால் உட்காருங்கள். முதுகைப் பாருங்கள். எங்கே நாற்காலியில் நகர்கிறார்கள், எங்கே அசையாமல் இருக்கிறார்கள் என்று நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வருகிற இடத்தில் கவனமாகக் கேளுங்கள். தராசு முதலில் வரும்போது சிரிப்பார்கள், அது சரி. இரண்டாம் தடவையும் அதே சிரிப்பு வந்தால் இன்னும் வெளியாளாகவே இருக்கிறார்கள். நாங்கள் இரண்டாவது முறை போட்டுக் காட்டியபோது அது நடந்தது. தாத்தாவைப் பற்றி விளக்கம் எதையும் சேர்க்காமல், மகன் குனிந்து போகிற ஷாட்டை மட்டும் முன்னால் கொண்டுவந்தோம். அடுத்த தடவை அந்த இடத்தில் ஒரு பெண்மணி தன் பக்கத்தில் இருந்தவரின் கையைத் தொட்டார். இனி மாற்றுவதில்லை என்று எடிட்டிங்கை அதோடு முடித்தோம்.

என் பெரியப்பாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினேன். தன் காட்சி வந்தபோது முன்னால் சாய்ந்து நடிகரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரலத்தான் முதல்ல வைக்கிறான்" என்றார்.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

கடைசி நாள் அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். முதல் நாள் எடுத்த போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். சுவரில் ஒட்டிய டேப்பின் பசையைத் துடையுங்கள். தரையில் போட்ட சாக்பீஸ் கோடுகளை அழியுங்கள். சாவிக்கொத்து அதே ஆணிக்குப் போகட்டும். தராசு எங்களுடையது, கழற்றிவிட்டோம். விட்டத்தில் கொக்கி போட்ட துளையை அடைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரம்மா சொன்னார், விளக்கு மாட்டிக்கொள்வாராம்.

எல்லாம் ஏற்றிய பிறகு, சவுண்ட் ரெக்கார்டிஸ்டை மட்டும் நிறுத்தி, காலியான கூடத்தில் ஒரே ஒரு ரூம் டோன் எடுத்தோம். இரண்டு நிமிடம். எங்கோ ஒரு கதவு லேசாக ஆடுகிறது, தூரத்தில் யாரோ ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது அடியில் இருப்பது அந்த ஒலிதான்.